நாள் பார்த்து விடுதலை



சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வார்த்திகன் கதை வருகிறது. அவன் மகன் அணிந்திருந்த நகைகள் முறையாகக் கிடைத்த பரிசு. அரசனின் ஆட்கள் அவற்றைப் புதையல் திருட்டு என்று எண்ணித் தந்தையைச் சிறையில் அடைத்துவிடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் காரணம் விசாரிக்கிறான். தவறு தன் ஆட்களுடையது என்று தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, அவனிடம் பொறுத்தருளக் கேட்டு, ஊர்களையும் கொடுக்கிறான். சிறைகளைத் திறந்துவிடச் சொல்லும் ஆணை அதன் பிறகுதான் பிறக்கிறது. அதே காப்பியத்தின் வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவனும் சிறைப்பட்ட ஆரிய மன்னர்களை விடுவிக்கிறான். அது வெற்றியையும் கண்ணகி வழிபாட்டையும் ஒட்டிய விடுதலை. பாண்டியனின் விடுதலைக்கு ஒரு காரணம் இருந்தது. சேரனின் விடுதலைக்கு ஒரு நாள் இருந்தது. தமிழ்நாட்டுச் சிறைகளில் இன்று நடக்கும் முன்விடுதலையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு போதும். ஆயுள் கைதி ஒருவரை எப்போது வெளியே விடுவது என்பது அவர்மீது சொல்லப்பட்ட தீர்ப்பின் மறுபாதி. முதல் பாதியைப் போலவே அதற்கும் விசாரணை வேண்டும், காரணம் வேண்டும், எழுத்தில் ஆணை வேண்டும். நாம் அதைத் தலைவர்களின் பிறந்தநாள் பரிசாக மாற்றி வைத்திருக்கிறோம். அதனால் திருந்திய கைதிக்கும் அநீதி, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும் அநீதி என்பதே இந்த உரையில் நான் நிறுவ விரும்பும் கருத்து.

முதலில் சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சிறைக் கதவை உரிய காலத்துக்கு முன்பே திறக்க மூன்று சாவிகள் உண்டு. பொதுப் பேச்சில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று அரசமைப்புச் சட்டம் தரும் அதிகாரம்: பிரிவு 72 குடியரசுத் தலைவருக்கும், பிரிவு 161 ஆளுநருக்கும் மன்னிப்பு வழங்கவும் தண்டனையைக் குறைக்கவும் மாற்றவும் நிறுத்திவைக்கவும் அதிகாரம் அளிக்கின்றன. அது அவர்களின் சொந்த அதிகாரம் கிடையாது. அமைச்சரவையின் அறிவுரைப்படியே செலுத்த வேண்டும் என்று 1980ஆம் ஆண்டு மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. இரண்டாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாநில அரசுக்குத் தரும் அதிகாரம். பழைய சட்டத்தில் 432, 433 என்று நாம் படித்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473, 474 ஆகிவிட்டன. மூன்றாவது, சிறைக்குள்ளேயே கிடைக்கும் கழிவு. வேலைக்கு இத்தனை நாள், நன்னடத்தைக்கு இத்தனை நாள் என்று கணக்கில் ஏறும். கைதிகள் ‘ரிமிஷன்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மூன்றாண்டு, ஏழாண்டு என்று கணக்கிட்ட தண்டனை பெற்றவருக்கு இந்தக் கழிவு நேரடியாகப் பயன்படும். ஆயுள் கைதிக்கு நேரடியாகப் பயன்படாது. கழிக்க வேண்டிய எண் எது என்றே தெரியாத கணக்கில் கழிவு எங்கே போய் உட்காரும்?

‘ஆயுள் என்றால் பதினான்கு வருஷம்’ என்று ஊரில் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை. காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்ஸே, கழிவுகளையெல்லாம் கூட்டித் தன் தண்டனை முடிந்துவிட்டது என்று வாதாடியபோது, ஆயுள் தண்டனை என்பது மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும்தான், அரசு தனியாக ஆணை பிறப்பித்தாலன்றிக் கதவு தானாகத் திறக்காது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதினான்கு என்ற எண் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. 1978 டிசம்பரில் பழைய சட்டத்தில் 433-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது; இன்று அது 475. மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை, உண்மையாகவே 14 ஆண்டுகள் சிறையில் கழித்த பிறகுதான் மாநில அரசு விடுவிக்கலாம் என்பது அதன் சாரம். அரசு தன் அதிகாரத்தைத் தொடுவதற்கு முன் கடக்க வேண்டிய கீழ்வரம்பு அது. 14 ஆண்டு முடிந்த கைதிக்கு விடுதலை கேட்கும் உரிமை வந்துவிடாது. தன் விண்ணப்பத்தை ஒழுங்காகப் பரிசீலிக்கக் கேட்கும் உரிமை வருகிறது. இந்த நுட்பமான வேறுபாட்டில்தான் முன்விடுதலை பற்றிய சட்டம் முழுவதும் நிற்கிறது.

இனி நடப்பைப் பாருங்கள். 433-அ கட்டுப்படுத்துவது சட்டம் தந்த அதிகாரத்தை மட்டுமே. அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 161ஐ அதனால் தொட முடியாது. எனவே 14 ஆண்டுக்கு முன்பே விடுவிக்க விரும்பும் அரசு 161இன் வழியாகப் போகிறது. 2008 செப்டம்பரில் பேரறிஞர் அண்ணாவின் நூற்றாண்டை ஒட்டி, 7 ஆண்டு சிறையில் கழித்த ஆயுள் கைதிகளுக்கும் கதவு திறந்தது. 1,405 பேர் வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக 2018 பிப்ரவரியில் வந்த அரசாணை 10 ஆண்டு கழித்தவர்களைத் தகுதியானவர்கள் என்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். 2021இல் அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளுக்கு மறுபடி ஓர் அரசாணை. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, முறை மாறவில்லை. அந்தத் தலைவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர்களின் நினைவைப் போற்றுவதில் குறையும் இல்லை. ஆனால் மாரு ராம் தீர்ப்பிலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லி எச்சரித்திருக்கிறார். ஒரு முதலமைச்சர் தன் பிறந்தநாளுக்காகவோ தனக்கு மகன் பிறந்ததற்காகவோ சிறையில் உள்ள எல்லாரையும் விடுவித்தால் அதை அரசமைப்புச் சட்டம் பொறுத்துக்கொள்ளாது என்பது அவர் கருத்து. கைதிகளின் மனித உரிமைக்காக இந்நாட்டில் அவரைவிட அதிகமாக எழுதிய நீதிபதி இல்லை. அவரே இதைச் சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆளும் முதல்வரின் பிறந்தநாளும் மறைந்த தலைவரின் பிறந்தநாளும் ஒன்றாகிவிடுமா என்று கேட்கலாம். கொண்டாட்டத்தின் கண்ணியத்தில் வேறுபாடு உண்டுதான். கைதி யார், என்ன செய்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்ற கேள்விகளுக்கு இரண்டு நாட்களும் ஒரே அளவில்தான் விடை தருகின்றன: எந்த விடையும் இல்லை.

அந்தக் கேள்விகளுக்கு விடை தர வேண்டிய கோப்பு ஒன்று உண்டு. அதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஆயுள் கைதி ஒருவரின் முன்விடுதலைக் கோப்பில் சிறைக் கண்காணிப்பாளரின் குறிப்பு இருக்கும்: எந்தப் பிளாக்கில் இருந்தார், தறியிலா தையலிலா அடுமனையிலா எங்கே வேலை செய்தார், சிறைக்குற்றம் எத்தனை, விடுப்பில் போனபோது உரிய நாளில் திரும்பினாரா என்ற விவரங்கள். ‘பரோல்’ என்று வெளியே சொல்கிற அந்த விடுப்பு மிக நல்ல அளவுகோல். பலமுறை தனியாக ஊருக்குப் போய், குறித்த நேரத்தில் சிறை வாசலில் வந்து நின்றவரைப் பற்றி நமக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும். அடுத்து நன்னடத்தை அலுவலரின் அறிக்கை. அவர் கைதியின் ஊருக்கே போய் விசாரிக்க வேண்டும்: வீட்டில் யார் இருக்கிறார்கள், ஏற்பார்களா, பிழைப்புக்கு வழி என்ன, எதிர்த்தரப்புக் குடும்பம் அதே தெருவில் இருக்கிறதா? பிறகு காவல்துறையின் அறிக்கை. முன்விடுதலை மறுக்கப்பட்டு நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் இந்த அறிக்கை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்திருப்பதைக் காணலாம்: இவர் ஊருக்கு வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும். எதனால் கெடும், யாரால் கெடும் என்று இருக்காது. கடைசியாக, தண்டனை வழங்கிய நீதிமன்றத்தின் கருத்து. இது காரணத்தோடு பெறப்பட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகள் தொடர்பாக 2015 டிசம்பர் 2 அன்று வந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. இவற்றையெல்லாம் எடைபோடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை லட்சுமண் நஸ்கர் வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. குற்றம் தனிமனிதரோடு நின்றதா, சமூகத்தையே பாதித்ததா? மறுபடி செய்யும் வாய்ப்பு உண்டா? குற்றம் செய்யும் ஆற்றலை இழந்துவிட்டாரா? இன்னும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா? குடும்பத்தின் நிலை என்ன? இந்த ஐந்துக்கும் விடை எழுதும்போது அந்தக் கோப்பு ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பாகிறது. பிறந்தநாள் அரசாணையிலும் விதிவிலக்குப் பட்டியல் உண்டு, நன்னடத்தை நிபந்தனை உண்டு, கைதிவாரியாக ஆணையும் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒரே தேதியை நோக்கி ஓடும்போது, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வெறும் படிவமாகிவிடுகிறது. காவல்துறையின் ஒற்றை வாக்கியமும் கேள்வியின்றி நிற்கிறது. சிலருக்கு அந்த வாக்கியம் வராமலே போய்விடுகிறது.

யாருக்கு வராமல் போகிறது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு சென்றவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதே அந்தக் கொலைகளின் செய்தி. 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அவர்களில் மூவர் 2008இல் அண்ணா நூற்றாண்டில் வெளியே வந்தார்கள். 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு ஆணையில் வெளியே வந்தார்கள். நஸ்கர் வழக்கின் முதல் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். சமூகத்தைப் பாதிக்காத தனிமனிதக் குற்றமா இது? உள்ளாட்சித் தேர்தல் என்ற அமைப்பையே மிரட்டிய குற்றம். அதே ஊரில் வாழும் குடும்பங்களிடம் ஒரு சொல் கேட்கப்பட்டிருக்க வேண்டும். விடுதலை ஆணையின் நகலைப் பெறுவதற்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பது ஒரு மக்களாட்சியில் நடக்கக் கூடியதாகத் தோன்றவில்லை. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் பேருந்தோடு எரிக்கப்பட்ட வழக்கிலும் இதே வழிதான். தூக்குத் தண்டனை பெற்ற மூவருக்கு 2016இல் அது ஆயுளாகக் குறைந்தது. 2018 நவம்பரில், அவர்கள் சார்ந்த கட்சியே ஆட்சியில் இருந்தபோது, நூற்றாண்டு ஆணையில் அவர்கள் விடுதலையானார்கள். ஆளுநர் முதலில் கோப்பைத் திருப்பி அனுப்பியும் அரசு மீண்டும் பரிந்துரைத்தது. அந்த மூவரும் திருந்தவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அது தெரியாது. யாருக்குமே தெரியாதபடி அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதே என் குற்றச்சாட்டு. ஆந்திரத்தில் இதுபோன்ற ஒரு தண்டனைக் குறைப்பை 2006இல் ஏபுரு சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே, கைதி ஒரு கட்சியின் நல்ல தொண்டர் என்ற சொற்களே அதிகாரிகளின் அறிக்கையில் இடம்பெற்றிருந்தன. தமிழ்நாட்டில் அப்படி எழுத வேண்டிய தேவைகூட இல்லாமல் போனதற்குக் காரணம், நாள் என்ற பொதுப் போர்வை.

அந்தப் போர்வைக்கு வெளியே நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். விதிவிலக்குப் பட்டியல் குற்றத்தின் பிரிவைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. 1998 கோவை குண்டுவெடிப்பு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள் 20 ஆண்டைக் கடந்தும், மத மோதல் தொடர்பான குற்றம் என்ற ஒரே வரியால் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். அந்தக் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அதன் கொடுமையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மேலவளவின் சாதிக் கொலைகளைப் பட்டியல் தடுக்கவில்லை, மத மோதலைத் தடுத்தது என்றால் அந்தக் கோட்டைப் போட்டது எந்த நீதி? பிரிவு 14இன் சமத்துவம் இரண்டு வழக்குகளிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: இந்த மனிதரைத் தனியாக எடைபோட்டீர்களா?

நாள் வராமல் காத்திருப்பதன் கொடுமைக்கு, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனின் வழக்கு சான்று. 1991 ஜூன் 11 அன்று கைதானபோது அவருக்கு வயது 19. தூக்குத் தண்டனை 1999இல் உறுதியானது. கருணை மனு குடியரசுத் தலைவரிடம் 11 ஆண்டுக்கு மேல் கிடந்து 2011இல் நிராகரிக்கப்பட்டது. விளக்கமில்லாத அந்தத் தாமதத்துக்காகவே 2014 பிப்ரவரி 18 அன்று தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மறுநாளே மாநில அரசு அவ்வழக்கின் கைதிகள் எழுவரையும் விடுவிப்பதாக அறிவித்து, மத்திய அரசுக்கு மூன்று நாள் கெடு கொடுத்தது. அங்கேயும் அவசரம், அங்கேயும் கோப்பு இல்லை. அதனால்தான் தடையாணை வந்தது, வழக்கு அரசியல் சாசன அமர்வு வரை போனது. 2018 செப்டம்பர் 9 அன்று அமைச்சரவை பிரிவு 161இன் கீழ் முறையாகப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டரை ஆண்டுக்கு அருகில் அதை வைத்திருந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அப்படி அனுப்ப அரசமைப்புச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, பிரிவு 142ஐப் பயன்படுத்தி 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மற்ற அறுவரையும். 31 ஆண்டுச் சிறையில் அவரது நடத்தை, படிப்பு, உடல்நலம் எல்லாம் பதிவாகியிருந்தன. அவற்றைப் படித்துப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ எழுத ஒரு அலுவலகம் முன்வந்திருந்தால் நீதிமன்றம் அந்த எல்லைக்குப் போக வேண்டியிருந்திருக்காது.

பிறந்தநாள் விடுதலையின் ஆழமான தீங்கு வேறோர் இடத்தில் விழுந்திருக்கிறது. அதை நம் விவாதங்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் புதிய தண்டனை ஒன்றை உருவாக்கியது: இன்ன ஆண்டு வரை, அல்லது சாகும்வரை, தண்டனைக் குறைப்பே கிடையாது என்ற நிபந்தனையோடு ஆயுள் தண்டனை. மாநிலங்கள் தண்டனைக் குறைப்பை எந்திரத்தனமாக வழங்கி ஆயுள் தண்டனையைப் பொருளற்றதாக்கிவிட்டன என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2015இல் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை அதை ஏற்றது. நீதிபதிகளின் நோக்கம் தூக்கைத் தவிர்ப்பது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் விளைவைக் கவனியுங்கள். அரசுகள் கதவைக் கண்மூடித் திறந்ததால் நீதிமன்றம் அதற்குப் பூட்டுப் போட்டது. இன்று 25 ஆண்டு, 30 ஆண்டு குறைப்பின்றி என்ற தண்டனைகள் சாதாரணமாகிவிட்டன. அப்படித் தண்டனை பெற்ற 22 வயது இளைஞர் 40 வயதில் எப்படிப்பட்டவராக மாறினாலும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழியாக அவர் கோப்பை யாரும் திறக்க முடியாது. பொறுப்பில்லாமல் காட்டிய தாராளத்துக்கு விலை கொடுப்பவர் அவர்.

இங்கே எழும் எதிர்வாதங்களை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நீதிபதி சாட்சியங்களைக் கேட்டு, குற்றத்தை எடைபோட்டுத் தண்டனை சொல்லிவிட்டார். அதில் அரசு கைவைக்கவே கூடாது என்பார்கள். நீதிபதி எடைபோட்டது செயலை. தீர்ப்பு நாளில் அவர்முன் நின்றவர் அந்தச் செயலை அப்போதுதான் செய்துவிட்டு வந்த மனிதர். பதினைந்து ஆண்டு கழித்து அந்த மனிதர் யாராக இருப்பார் என்று எந்த நீதிபதியும் பார்க்க முடியாது. பார்த்ததாக எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. நம் சட்டம் நீதிபதியை ‘ஆயுள்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டு, அதன் நீளத்தைப் பிற்காலத்துக்கு ஒத்திவைத்திருக்கிறது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1977இல் சொன்னது இதுதான்: வெளியே வரும் வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனை மனித கண்ணியத்துக்கு ஒவ்வாது, அந்த வாய்ப்பு அரசின் கருணையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2013இல் விண்டர் வழக்கில், ஆயுள் கைதியின் தண்டனை ஒரு கட்டத்தில் மறுஆய்வுக்கு வந்தே ஆக வேண்டும் என்றது. மறுஆய்வு என்றால் விடுதலை என்று பொருளில்லை. காரணத்தோடு ‘இல்லை’ என்று சொல்வதும் மறுஆய்வுதான்.

பாதிக்கப்பட்டவரின் குடும்பம் என்ன சொல்லும் என்பது இன்னும் கனமான கேள்வி. அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும், அவர்கள் சொல்வது கேட்கப்பட வேண்டும், ஆணையின் நகல் அவர்கள் கைக்குப் போக வேண்டும். ஆனால் முடிவு அவர்கள் கையில் இருக்க முடியாது. துக்கத்தின் அளவை வைத்துச் சிறையின் அளவைத் தீர்மானித்தால், அழ ஆளில்லாத ஏழையைக் கொன்றவர் சீக்கிரம் வெளியே வருவார். குஜராத்தின் பில்கிஸ் பானோ வழக்கு இதில் பல பாடங்களைத் தருகிறது. கூட்டு வன்புணர்ச்சிக்கும் கொலைகளுக்கும் தண்டிக்கப்பட்ட 11 பேர் 2022 ஆகஸ்ட் 15 அன்று கோத்ரா சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அங்கேயும் ஒரு விழா நாள். வாசலில் மாலை மரியாதை. விசாரணை நடந்தது மும்பையில்; அங்குள்ள நீதிபதியின் கருத்து விடுதலைக்கு எதிராக இருந்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, இரண்டு வாரத்தில் சிறைக்குத் திரும்பச் சொன்னது. தண்டனை வழங்கப்பட்ட மாநிலம் மகாராஷ்டிரம். எனவே முடிவெடுக்கும் அதிகாரமே குஜராத்துக்கு இல்லை என்பது முதன்மைக் காரணம். அந்தத் தீர்ப்பைக் கொண்டுவர, பாதிக்கப்பட்ட பில்கிஸ் பானோவே உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. முறையான விசாரணை ஒன்று முன்பே நடந்திருந்தால் அவர் அந்தச் சுமையைத் தூக்கியிருக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விட வலுவான எதிர்வாதம் சிறைக்குள்ளிருந்து வருகிறது. நான் மிகவும் மதிக்கும் வாதமும் அதுதான். பிறந்தநாள் ஆணை இல்லாவிட்டால் எங்களை யார் நினைப்பார்கள் என்று கைதிகளின் குடும்பங்கள் கேட்கின்றன. பாளையங்கோட்டையிலோ கடலூரிலோ இருக்கும் கூலித் தொழிலாளியான ஆயுள் கைதிக்கு உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் கிடையாது. அவருக்காகத் தீர்மானம் போடச் சட்டமன்றமும் இல்லை. 14 ஆண்டு முடிந்தவர்களைப் பரிசீலிக்க அறிவுரைக் கழகம் என்ற ஏற்பாடு விதிகளில் இருக்கிறது. அது மெதுவாக நகர்கிறது, பலருக்கு நகர்வதே இல்லை. 2008இல் வெளியே வந்த 1,405 பேரில் பெரும்பாலோர் மேலவளவுக் குற்றவாளிகளைப் போன்றவர்கள் இல்லை. வரப்புத் தகராறிலும் குடிபோதையிலும் குடும்பச் சண்டையிலும் ஒரு கணத்தில் கொலை செய்துவிட்டு, மிச்ச வாழ்க்கை முழுவதும் அதை நினைத்துக் குமைந்தவர்கள் அப்படிப்பட்ட எந்தப் பட்டியலிலும் நிறைய இருப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடுதலையை நான் குறை சொல்ல மாட்டேன். வாரநாளில் திறக்கும் கதவைச் சரிசெய்யாமல் விழா நாள் கதவை மட்டும் அடைத்தால், தண்டனை முழுவதும் ஏழைகள் தலையில்தான் விழும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் அறிவுரைக் கழகம் உயிர்பெற வேண்டும், பிறகே பிறந்தநாள் ஆணைகள் நிற்க வேண்டும். சிறைகளின் நெரிசலைக் குறைக்கவே பொது விடுதலை என்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். நெரிசலுக்கு மருந்து ஜாமீன்.

விதிகளால் கட்டினால் கருணை செத்துவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. பிரிவு 161 அப்படியே இருக்கட்டும். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கும், புதிய சான்றால் குற்றமே ஐயத்துக்குள்ளானவருக்கும், சட்டம் முன்கூட்டி நினைத்துப் பார்க்க முடியாத துயரத்துக்கும் அது வேண்டும். வார்த்திகனுக்குத் திறந்த கதவு அது. ஆண்டுதோறும் வரும் வழக்கமான முன்விடுதலையை அதன் வழியாக நெருக்கித் தள்ளுவதுதான் கருணையை மலிவாக்குகிறது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டிருக்கிறது: முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலத்தில், தகுதி வந்த கைதி விண்ணப்பிக்காவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும், கொள்கை இல்லாத மாநிலம் இரண்டு மாதத்தில் உருவாக்க வேண்டும், ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும், முடிவைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும். இதோடு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் அதே நாளில் ஆணையின் நகல் போக வேண்டும் என்று தமிழ்நாடு தன் விதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

சட்டம் பயிலும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ஆண்களுக்கான மத்தியச் சிறைகள் ஒன்பது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தன்னார்வலராகச் சேர உங்களுக்கு இடமும் இருக்கிறது. அண்ணா பிறந்தநாளான அடுத்த செப்டம்பர் 15க்குக் காத்திராமல், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிறையில் 14 ஆண்டு முடித்தவர்களின் பட்டியலைக் கேளுங்கள். ஒருவருக்கு 14 ஆண்டு நிறைவது ஒரு செவ்வாய்க்கிழமை என்றால், அவர் கோப்பு அந்தச் செவ்வாய்க்கிழமையே திறக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். கொல்லப்பட்டவரின் வீட்டுக்கும் போய், உங்களிடம் யாராவது கேட்டார்களா என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். இரண்டு பதில்களையும் ஒரே கோப்பில் சேர்த்து அறிவுரைக் கழகத்தின் முன் வையுங்கள்.